எளிய சார்ட்டுகள் போன பிறகு

மெடிக்கல் கோடிங் தமிழ்நாட்டில் எத்தனை வீடுகளுக்குச் சோறு போடுகிறது என்பது வெளியில் பலருக்குத் தெரியாது. மைக்ரோபயாலஜி, பயோகெமிஸ்ட்ரி, நர்சிங், பிசியோதெரபி, பார்மசி என்று படித்துவிட்டு, அந்தப் படிப்புக்கு ஊரில் கிடைக்கிற சம்பளத்தைக் கேட்டுத் தயங்கி நின்ற பிள்ளைகள் சென்னைக்கும் திருச்சிக்கும் கோவைக்கும் சேலத்துக்கும் வந்து இதில் சேர்ந்தார்கள். சித்த மருத்துவம், ஹோமியோபதி, பல் மருத்துவம் படித்தவர்கள்கூட எங்கள் ஃப்ளோரில் உண்டு. அமெரிக்காவில் ஒரு டாக்டர் நோயாளியைப் பார்த்து எழுதிய குறிப்பைப் படித்து (அதைத்தான் நாங்கள் சார்ட் என்போம்), என்ன நோய், என்ன சிகிச்சை என்பதற்கு உரிய கோடுகளை, அதாவது எழுத்தும் எண்ணும் கொண்ட குறியீடுகளை, போடுவதுதான் வேலை. கோடு சரியாக இருந்தால் காப்பீட்டு நிறுவனம் பணம் தரும். தப்பாக இருந்தால் டிநையல், பணம் கிடைக்காது. வேண்டுமென்றே கூட்டிப் போட்டதாகத் தெரிந்தால் அங்கே அரசாங்க வழக்கு வரை போகும்.

நான் பிசியோதெரபி முடித்து, அமெரிக்கா ஐசிடி-10 என்ற புது நோய்க் கோடு முறைக்கு மாறிய காலத்தில் இதற்குள் வந்தவள். 2015 அக்டோபர் 1-ஆம் தேதி அந்த மாற்றம் நடந்தது. சுமார் 14,000 நோய்க் கோடுகள் இருந்த இடத்தில் ஏறக்குறைய 70,000 வந்து நின்றன. கோடராகத் தொடங்கி ஆடிட்டர், ட்ரெய்னர், டீம் லீட் என்று வந்து, இப்போது சில அணிகளுக்கு மேனேஜராக இருக்கிறேன். செயற்கை நுண்ணறிவு எங்கள் வேலைக்குள் நுழைந்த பிறகு ஆட்களை வளர்ப்பதும் நடத்துவதும் எப்படி மாறிற்று, எதைச் செய்தபோது பலன் கிடைத்தது என்பதை எழுதுகிறேன். வங்கி, பிபிஓ, தணிக்கை அலுவலகம், மென்பொருள் என்று எங்கே டீம் வைத்திருப்பவர்களுக்கும் இதில் ஏதாவது உதவும் என்று நம்புகிறேன்.

முன்பு ஒரு ஃப்ரெஷர் எப்படி வேலை கற்றுக்கொண்டான் என்பதைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். வகுப்பு முடிந்ததும் அவனுக்குக் கொடுப்பது ரேடியாலஜி. நெஞ்சு எக்ஸ்ரே, இரண்டு வியூ, நாலு வரி ரிப்போர்ட். இருமலுக்காக எடுத்திருப்பார்கள்; கூடவே 'ரூல் அவுட் நிமோனியா', அதாவது நிமோனியா இல்லையென்று உறுதிசெய்யவும், என்று இருக்கும். புதுப் பையன் நிமோனியாவுக்குக் கோடு போட்டுவிடுவான். ஆடிட்டர் எர்ரர் வைப்பார். பையன் விடாமல் ரீபட்டல், அதாவது மறுப்பு, போடுவான்: "ரிப்போர்ட்லயே நிமோனியானு இருக்கே அக்கா?" ஆடிட்டர் அவன் பக்கத்தில் வந்து கைடுலைனைத் திறந்து காட்டுவார். புறநோயாளி சார்ட்டில் சந்தேகம், இருக்கலாம் என்று எழுதியதை நோயாக எடுக்கக்கூடாது. அறிகுறியைத்தான் எடுக்க வேண்டும். அதே நோயாளி ஆஸ்பத்திரியில் படுத்து, டிஸ்சார்ஜ் ஆகும் வரை அது சந்தேகமாகவே நின்றிருந்தால், நோய் இருப்பதாகவே வைத்துக் கோடு போட வேண்டும். இதை வகுப்பில் சொன்னபோது மண்டையில் ஏறாது. எர்ரர் வாங்கிய மறுநாள் ஏறிவிடும், ஆயுசுக்கும் மறக்காது.

இப்படி ஆயிரக்கணக்கில் சின்ன சார்ட்டுகளில் கை படிந்த பிறகுதான் எமர்ஜென்சி, அப்புறம் சர்ஜரி, உள்நோயாளி, ஹெச்சிசி (நோயாளியின் நோய்களைப் பொறுத்துக் காப்பீட்டுப் பணத்தைக் கணக்கிடும் முறை) என்று மேலே போவார்கள். இதை யாரும் பயிற்சி என்று சொன்னதில்லை. கிளையன்ட் பணம் கொடுக்கிற ப்ரொடக்‌ஷன் அது. அந்த வேலைக்குள்ளேயே படிப்பும் நடந்துவிட்டது. கல்யாண சமையலில் வெங்காயம் உரிக்க வந்த பையன்தான் பிற்பாடு கரண்டியைப் பிடித்து மாஸ்டர் ஆகிறான். உரித்த வெங்காயம் மூட்டையில் வந்து இறங்கினால் வேலை சீக்கிரம் முடியும். அடுத்த மாஸ்டர் எங்கிருந்து வருவார் என்ற கேள்வி அப்படியே நிற்கும்.

எங்கள் தொழிலில் மென்பொருள் கோடு பரிந்துரைப்பது புதிதில்லை, நெடுநாளாக உண்டு. இப்போது வந்தவை பரிந்துரையோடு நிற்பதில்லை என்பதுதான் மாற்றம். குறிப்பைப் படித்துக் கோடு போட்டு, தன் முடிவு எவ்வளவு உறுதி என்று மெஷினே ஒரு மதிப்பெண்ணும் போடுகிறது. குறித்த எல்லையைத் தாண்டினால் மனிதக் கண் படாமலே அந்த சார்ட் பில்லுக்குப் போய்விடும். தாண்டாதது மட்டும் எங்களிடம் வரும். ரேடியாலஜி, பேத்தாலஜி, எமர்ஜென்சி ஆகியவை முதலில் போயின. ஒரே அச்சில் திரும்பத் திரும்ப வருபவை அவைதான். கிளையன்ட் கூட்டத்தில் அந்தப் பட்டியலைக் காட்டியபோது அறையில் இருந்த பலர் செலவு எவ்வளவு குறையும் என்று கணக்குப் போட்டார்கள். எனக்கு வேறொன்று கண்ணில் பட்டது. பட்டியலில் இருந்த சார்ட் வகைகள் அத்தனையும் நாங்கள் ஃப்ரெஷருக்குக் கொடுப்பவை.

ஃப்ரெஷர் விஷயம் எதிர்பார்த்ததுதான். யாரும் எதிர்பார்க்காமல் வந்தது சீனியர்களின் சோர்வு. முன்பு ஒரு கோடரின் நாளில் கடினமான சார்ட் ஒன்று வந்தால் பின்னாலேயே சுலபமானவை நாலைந்து வரும். அந்தச் சுலபமானவை மூளைக்கு ஓய்வு. இப்போது மெஷின் சுலபமானதையெல்லாம் எடுத்துக்கொண்டதால் காலையிலிருந்து மாலை வரை சிக்கலானதே வந்து விழுகிறது. நாற்பது பக்க ஆபரேஷன் நோட், அதை அடுத்து இன்னொன்று, அதையும் அடுத்து ஒன்றுக்கொன்று முரணான மூன்று டாக்டர் குறிப்புகள். மணிக்கு இத்தனை சார்ட் என்ற பழைய டார்கெட்டோ அப்படியே இருந்தது. நல்ல கோடர்கள், வேலையை நேசித்தவர்கள், "முடியல மேம்" என்று வந்து நின்றார்கள்.

இது இன்று நேற்று கண்டுபிடித்த பிரச்சினையும் இல்லை. லிசான் பெயின்பிரிட்ஜ் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் 1983-லேயே இதை எழுதிவிட்டார். தானியங்கி எந்திரம் எளிதானதை எடுத்துக்கொண்டு கடினமானதை மனிதனுக்கு விட்டுவைக்கும். அதே சமயம் அந்தக் கடினமானதைச் செய்யத் தேவையான தினசரிப் பழக்கத்தையும் அவனிடமிருந்து பறித்துவிடும் என்பது அவர் கட்டுரையின் சாரம். தொழிற்சாலைக் கட்டுப்பாட்டு அறைகளை மனதில் வைத்து எழுதியது. எங்கள் ஃப்ளோருக்கு அட்சரம் பிசகாமல் பொருந்துகிறது.

அந்தப் பழக்கம் என்றால் என்ன என்பதற்கு ஒரு சார்ட்டைச் சொல்கிறேன். எங்கள் மூத்த ஆடிட்டர் ஒருவர், முன்னாள் நர்ஸ், தஞ்சாவூர் பக்கம். அவருக்குப் பக்கத்தில் சேர்ந்து சில மாதங்களே ஆன ஒரு பெண். ஸ்கிரீனில் ஓர் அம்மாவின் குறிப்பு: மார்பகப் புற்றுநோய் ஹிஸ்டரி, ஆபரேஷன் முடிந்துவிட்டது. மெஷின் இசட் 85.3 போட்டிருந்தது, அதாவது முன்பு இருந்து இப்போது இல்லாத புற்றுநோய். உறுதி மதிப்பெண்ணும் நன்றாகவே இருந்தது. அந்தப் பெண் ஓகே கொடுக்கப் போனாள்.

"மருந்து லிஸ்ட் பாத்தியாம்மா?"

"பாத்தேன் அக்கா. லெட்ரசோல் இருக்கு."

"எதுக்குக் குடுக்குறாங்க?"

"பிரெஸ்ட் கேன்சருக்கு."

"இப்ப இருக்குற கேன்சருக்கு ட்ரீட்மென்ட்டா, திரும்ப வராம இருக்கவா?"

அவள் குறிப்பை மேலிருந்து கீழே மறுபடி படித்தாள். டாக்டர் எழுதியிருந்தது மருந்தைத் தொடரவும், ஆன்காலஜி ஃபாலோ-அப் போகவும் என்பது மட்டும்தான்.

"எழுதலையே அக்கா."

"அப்ப நாம முடிவு பண்ணக் கூடாது. மெஷினும் பண்ணக் கூடாது. டாக்டருக்கு க்வெரி போடு. இதுவா அதுவானு நம்ம விருப்பத்த உள்ள நுழைக்காம, திறந்த கேள்வியா கேளு."

சிகிச்சை இன்னும் நடக்கிறது என்று டாக்டர் சொன்னால் சி 50 வரிசையில், இப்போதும் இருக்கிற புற்றுநோயாகக் கோடு போட வேண்டும். தடுப்புக்காக என்றால் இசட் 85.3 சரி. ஹெச்சிசி கணக்கில் இந்த இரண்டுக்கும் நடுவே பெரிய பண வித்தியாசம் உண்டு. இருக்கிறது என்று தவறாகப் போட்டால் அரசிடம் கூடுதல் பணம் வாங்கியதாகும்; அமெரிக்காவின் பொய்க் கோரிக்கைச் சட்டம் அங்கேதான் வந்து நிற்கும். இல்லை என்று தவறாகப் போட்டால் அந்த அம்மாவின் உடல்நிலை உள்ளதைவிட லேசாகப் பதிவாகும். மென்பொருள்தான் அப்படிக் காட்டியது என்று சொல்லி யாரும் கை கழுவ முடியாது.

இந்த இடத்தில் அந்தப் பெண்ணுக்கு விதி தெரியாமல் இல்லை. தேர்வில் கேட்டால் சரியாக எழுதியிருப்பாள். விடை தயாராகக் கண்முன் இருக்கும்போது மருந்துப் பட்டியல் வரை போய்ப் பார்க்கத் தோன்றுவது வேறொரு திறமை. பழைய ஆட்களுக்கு அது ஆயிரக்கணக்கான சார்ட்டுகளில் அடிபட்டு வந்தது. புதியவர்களுக்கு அது எங்கிருந்து வரும்? நான் இப்போது செய்யும் மேனேஜர் வேலையின் பெரும்பகுதி இந்த ஒரு கேள்விக்குப் பதில் தேடுவதுதான்.

எங்களுக்குக் கிடைத்த முதல் வழி, மெஷின் நேராக பில்லுக்கு அனுப்பும் சார்ட்டுகளிலேயே இருந்தது. அவற்றில் ஒரு பகுதியை மாதிரிக்கு எடுத்து மனிதர் சரிபார்க்க வேண்டும் என்பது எப்படியும் கிளையன்ட் எதிர்பார்ப்பது. அதை சீனியர் ஆடிட்டர்கள் அவசரமாகச் செய்து முடிப்பார்கள். அந்த மாதிரியை ஃப்ரெஷர்களிடம் திருப்பினோம். அவர்கள் மெஷினின் விடையைப் பார்க்காமல் தாங்களே கோடு போடுவார்கள். பிறகு இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். ஒத்துப்போனால் சரி, ஒத்துப்போகாத ஒவ்வொன்றையும் ஆடிட்டர் அவர்களோடு உட்கார்ந்து பார்ப்பார். பெரும்பாலும் தப்பு ஃப்ரெஷருடையதாக இருக்கும், பாடம் கிடைக்கும். சில நேரம் தப்பு மெஷினுடையதாக இருக்கும், அப்போது அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டும்! மேலே பட்ஜெட் கேட்டபோது பயிற்சி என்று கேட்கவில்லை, மெஷினுக்குத் தரக் கட்டுப்பாடு என்று கேட்டேன். அதுவும் உண்மைதான். ஒரே வேலையில் இரண்டும் நடக்கிறது. உங்கள் துறையிலும் எந்திரத்தின் விடையைச் சரிபார்க்கும் வேலை எங்காவது இருக்கும். அதை அனுபவசாலியின் தலையில் இன்னொரு சுமையாக வைக்காமல், அவர் மேற்பார்வையில் புதியவர்களுக்குக் கொடுத்துப் பாருங்கள்.

இரண்டாவது, சேர்ந்த முதல் சில மாதங்கள் பரிந்துரையை மறைத்து வைப்பது. முதலில் உன் விடை, அப்புறம்தான் மெஷின் விடை. பரிந்துரையை முதலில் பார்த்துவிட்டால் மனம் அதையே நியாயப்படுத்தக் காரணம் தேடும். இது எல்லா மனிதருக்கும் உள்ளது, சோம்பேறித்தனம் என்று திட்டிப் பயனில்லை. சீனியர்களுக்கும் வாரத்தில் ஒரு பாதி நாள் மெஷின் இல்லாமல் வேலை. இதற்கு ஆரம்பத்தில் எதிர்ப்பு வந்தது. "கார் இருக்கும்போது எதுக்கு மேம் நடக்கணும்?" என்றே ஒரு டீம் லீட் கேட்டார்.

அவருக்கு நான் விமானிகளைச் சொன்னேன். ஆட்டோபைலட் இவ்வளவு வளர்ந்த பிறகும், அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் 2013 ஜனவரியில் விமான நிறுவனங்களுக்கு ஓர் அறிவிப்பு அனுப்பியது: பொருத்தமான சூழலில் விமானிகள் கையால் ஓட்டுவதை ஊக்குவியுங்கள் என்று. மருத்துவத் துறைக்கு இன்னும் நெருக்கமான செய்தி 2025-ல் வந்தது. போலந்தில் நான்கு மையங்களில் குடல் உள்நோக்கிப் பரிசோதனை செய்யும் டாக்டர்களை ஆராய்ந்தார்கள். ஏஐ உதவி வழக்கத்துக்கு வருவதற்கு முன், ஏஐ இல்லாத பரிசோதனைகளில் 28.4 சதவீதத்தில் கட்டிகளைக் கண்டுபிடித்திருந்தார்கள். ஏஐ பழகிய பிறகு, அது இல்லாமல் செய்த பரிசோதனைகளில் அது 22.4 சதவீதமாக இறங்கியிருந்தது. ஒரே ஆய்வை வைத்து உலகத்துக்கே முடிவு சொல்லக்கூடாது. ஆனால் கை தேர்ந்த டாக்டர்களுக்கே இப்படி என்றால், சேர்ந்து ஆறு மாதம் ஆகாத பிள்ளைகளை நினைத்துப் பார்க்கச் சொன்னேன். அந்த டீம் லீட்தான் இப்போது பாதி நாளுக்கான சார்ட்டுகளைத் தேர்ந்தெடுத்துத் தருகிறார்.

மூன்றாவது, எதை எண்ணுகிறோம் என்பது. இதுதான் நீண்ட போராட்டம். சார்ட் எண்ணிக்கையையும் 95 சதவீதத் துல்லியத்தையும் வைத்து இன்சென்டிவ் கொடுக்கும் பழைய முறை, எல்லாவிதச் சார்ட்டுகளும் கலந்து வந்த காலத்துக்கானது. கடினமானவை மட்டும் வரும்போது அதே எண்ணிக்கையைக் கேட்டால் ஆட்கள் செய்யக்கூடியது ஒன்றுதான்: மெஷின் சொன்னதை ஏற்றுக்கொண்டு அடுத்ததற்குப் போவது. அவர்களைக் குறை சொல்ல முடியாது, நாம்தான் அதற்குப் பணம் கொடுக்கிறோம். சார்ட்டின் சிக்கலைப் பொறுத்து டார்கெட்டைக் குறைத்தோம். மெஷின் விடையை மாற்றினால் ஏன் மாற்றினாய் என்று ஒரு வரி, சொந்த வார்த்தையில் எழுதச் சொன்னோம். க்வெரி போட்டு டாக்டரிடமிருந்து பதில் வாங்கியதையும் உற்பத்தியாகவே கணக்கில் எடுத்தோம். முன்பு அது நேர விரயமாகத் தெரிந்தது.

ஒருவர் மெஷினின் விடையை எத்தனை சதவீதம் அப்படியே ஏற்கிறார் என்பதையும் பார்க்கிறேன். கடினமான வரிசையில் ஏறக்குறைய எல்லாவற்றையும் ஒருவர் ஏற்றுக்கொண்டே போனால் அவரோடு உட்கார்ந்து பேச வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம். ஆனால் இந்த எண்ணை அப்ரைசலில் சேர்க்க நான் ஒப்புக்கொள்ளவில்லை. சேர்த்தால் அடுத்த வாரமே தேவையில்லாத மாற்றங்கள் குவியும்.

மாற்றியதற்கான காரணங்களை எழுதச் சொன்னதில் எதிர்பாராத லாபம் ஒன்று கிடைத்தது. சில மாதங்களில் அது ஒரு பொக்கிஷமாகிவிட்டது. வருடக்கணக்காக ஒருவர் தலைக்குள் மட்டும் இருந்த நுணுக்கங்கள் முதல்முறையாக எழுத்தில் வந்தன. வாராந்திர ஹடில் கூட்டத்தில் அவற்றிலிருந்து எடுத்துப் பேசுகிறோம். எழுதியவரே வந்து விளக்குவார்.

இதில் ஒரு நியாயப் பிரச்சினை இருக்கிறது. 2023-ல் எரிக் பிரின்யால்ஃப்சன், டேனியெல் லி, லிண்ட்சி ரேமண்ட் என்ற மூன்று பொருளாதார அறிஞர்கள் 5,000-க்கும் மேற்பட்ட வாடிக்கையாளர் சேவை ஊழியர்களை ஆராய்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். ஏஐ உதவியால் சராசரி உற்பத்தித் திறன் 14 சதவீதம் கூடியது. புதியவர்களுக்கு 34 சதவீதம். கை தேர்ந்தவர்களுக்கு ஏறக்குறைய ஒன்றுமில்லை. சிறந்த ஊழியர்கள் பேசும் விதத்தைக் கற்றுக்கொண்டு அதை மற்றவர்களுக்கு எடுத்துக் கொடுத்ததுதான் அந்தக் கருவி. யோசித்துப் பாருங்கள். தன் அனுபவத்தைக் கொடுத்தவருக்கு லாபமில்லை. அதை வாங்கிக்கொண்டவர் முன்னேறிவிட்டார். எங்கள் சீனியர்கள் எழுதும் ஒவ்வொரு வரியும் நாளைக்கு மெஷினைத் திருத்தப் போகிறது. அப்படியிருக்க, புது ஸ்கிரீனில் மெதுவாக வேலை செய்கிறார் என்று அதே தஞ்சாவூர் ஆடிட்டரின் பெயர் குறைந்த உற்பத்திப் பட்டியலில் வந்தது.

அந்தப் பட்டியலோடு நேராக மேலதிகாரியின் அறைக்குப் போனேன். அந்த ஆடிட்டர் ஒரு நாளில் முடிக்கும் சார்ட்டுகளைக் காட்டவில்லை. அவர் எழுதிய காரணங்களையும், அவற்றால் மென்பொருள் தரப்பு திருத்திய விதிகளையும் அடுக்கி வைத்தேன். இன்று அவர் ப்ரொடக்‌ஷன் வரிசையில் இல்லை. க்வெரி எழுதும் குழுவுக்கு வழிகாட்டி, மெஷின் தவறுகளை ஆராயும் குழுவின் தலைவர். பதவியோடு சம்பளமும் கூடியது. டீமில் அனுபவசாலிகள் இருந்தால் இந்த வாதத்தை அவர்களுக்காக நீங்கள் செய்தாக வேண்டும். அவர்களாக வந்து கேட்க மாட்டார்கள். இளையவர்கள் முன்னால் தாங்கள் மதிப்பிழந்துவிட்டோமோ என்று உள்ளுக்குள் குமைந்து, ஒருநாள் பேப்பர் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.

வேலை போய்விடுமா என்ற கேள்விக்கு வருகிறேன். ஃப்ளோரில் எல்லோர் மனதிலும் இருப்பது இதுதான். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு வாட்ஸ்அப் குரூப்புகளில் ஓடாத வதந்தி இல்லை. பெரம்பலூர் பக்கத்திலிருந்து ஒரு பெண்ணின் அப்பா எனக்கே போன் செய்தார். "மேடம், ஏஐ வந்துருச்சுன்னா எம்பொண்ணு வேல போயிருமாமே? கடன் வாங்கித்தான் கோர்ஸ் சேத்தோம்." அவருக்கு நான் சொன்னது: "அய்யா, ஒரே ஒரு வகை சார்ட் மட்டும் தெரிஞ்சிருந்தா கஷ்டம்தான். அத மறைக்க மாட்டேன். ரெண்டு மூணு வகை தெரிஞ்சு, மெஷின் தப்ப கண்டுபிடிக்கத் தெரிஞ்சா ஆள் தேவை இருக்கு. அதுக்குத்தான் இப்ப பழக்குறோம். நெலம மாறுனா உங்க பொண்ணுகிட்ட முதல்ல நான் சொல்லுவேன்."

அந்தக் கடைசி வரியைக் காப்பாற்றுவதுதான் எனக்குத் தெரிந்த தலைமை. ரேடியாலஜி அணி சுருங்கும் என்று உறுதியானதும் அணியைக் கூப்பிட்டு மூன்றைச் சொன்னேன்: எனக்குத் தெரிந்தது இது, தெரியாதது இது, தெரியாததைப் பற்றி அடுத்து பேசும் தேதி இது. தெரியாததைத் தெரியாது என்று சொன்னதற்காக யாரும் என்னை மதிக்காமல் போகவில்லை. குறித்த தேதியில் சொல்லப் புதிதாக ஒன்றுமில்லாவிட்டாலும் கூட்டத்தை நடத்தினேன். பலரை வேறு ஸ்பெஷாலிட்டிக்கு மாற்றிப் பயிற்சி கொடுக்க முடிந்தது. எல்லோரையும் முடியவில்லை. போக வேண்டியிருந்தவர்களுக்கு முன்கூட்டியே தெரிந்ததால் வேறு வேலை தேட அவகாசம் கிடைத்தது. முன்பு நான் வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில் காலையில் ஐடி கார்டு வேலை செய்யாதபோதுதான் வேலை போனதே தெரிந்தது சிலருக்கு. வாசலில் நின்ற அவர்கள் முகம் எனக்கு இன்றும் மறக்கவில்லை.

எதிர்காலத்தை அடித்துச் சொல்பவர்களை நம்பி ஆட்களை வளர்ப்பதை நிறுத்திவிடாதீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2016-ல் ஜெஃப்ரி ஹின்டன், ஏஐ துறையின் முன்னோடி, ரேடியாலஜிஸ்டுகளுக்குப் பயிற்சி கொடுப்பதை இப்போதே நிறுத்திவிட வேண்டும், ஐந்து வருடத்தில் மெஷின் மிஞ்சிவிடும் என்றார். பிற்பாடு 2024-ல் இயற்பியல் நோபல் பரிசு பெற்றவர் அவர். விவரம் தெரியாமல் பேசியவர் இல்லை. பல மருத்துவமனைகளில் இன்றைக்கும் ரேடியாலஜிஸ்டுகளுக்குத் தட்டுப்பாடு. அன்று அந்தப் பேச்சை நம்பிப் பயிற்சி இடங்களை மூடியிருந்தால் இந்தத் தட்டுப்பாடு எங்கே போய் நின்றிருக்கும்?

சில சின்ன விஷயங்கள். நோயாளியின் குறிப்பைப் பொதுவான சாட்பாட்டில் ஒட்டிக் கேட்கும் பழக்கம் இளையவர்களிடம் எளிதில் வந்துவிடும். நோயாளியின் விவரங்களைக் காக்கும் அமெரிக்கச் சட்டமான ஹிப்பாவின்படி அது பெரிய மீறல். தடை என்று சுவரில் ஒட்டினால் மட்டும் போதாது. ஏன் என்று சொல்லி, கேட்டுத் தெளிய அலுவலகத்துக்குள்ளேயே பாதுகாப்பான வழி ஒன்றையும் கொடுக்க வேண்டும். அப்ரைசல் கடிதத்தை நான் ஏஐ-யைக் கொண்டு எழுதுவதில்லை. கணக்கு, அட்டவணை, மீட்டிங் குறிப்பு எல்லாம் அதனிடம் தருகிறேன். ஒரு வருட உழைப்பைப் பற்றிய நாலு வரியை அந்த உழைப்பைப் பார்த்த ஆள்தான் எழுத வேண்டும்.

இன்டர்வியூவையும் மாற்றினோம். உடற்கூறியல் கேள்விகள் அப்படியே இருக்கின்றன. கூடவே ஒரு சின்ன குறிப்பையும், அதற்கு மெஷின் போட்டதாக ஒரு விடையையும் கொடுக்கிறோம். சில சமயம் விடை சரியாக இருக்கும், சில சமயம் தவறாக இருக்கும். சரியா தவறா என்று கண்டுபிடிப்பதைவிட, முடிவு சொல்வதற்கு முன் குறிப்பை மறுபடி படிக்கிறார்களா என்பதைத்தான் கவனிக்கிறேன். தெரியவில்லை, டாக்டரைக் கேட்க வேண்டும் என்று தயங்காமல் சொன்ன ஒரு மைக்ரோபயாலஜி பெண்ணை, மார்க் குறைவாக இருந்தும் எடுத்தோம். வகுப்பில் முதல் மதிப்பெண் எடுத்த பலரைவிட இப்போது நன்றாகச் செய்கிறாள்.

இன்னும் தீராத ஒன்று இருக்கிறது. வேலை அனுபவம் இல்லாமல் சிபிசி என்ற கோடர் சான்றிதழ் தேர்வு எழுதி வருகிறவர்களுக்கு முதலில் அப்ரென்டிஸ் என்ற அடையாளத்தோடுதான் சான்றிதழ் கிடைக்கும். பெரும்பாலும் வேலை அனுபவம் காட்டித்தான் அதை நீக்குகிறார்கள். அந்த அனுபவத்தைத் தரும் இருக்கைக்கு யார் காசு கொடுப்பது? ஒரு சார்ட்டுக்கு இவ்வளவு என்று விலை பேசும் காலத்தில் அது விலைக்குள்ளேயே அடங்கிக் கிடந்தது. இப்போது எளிய சார்ட்டுகளின் பணம் மென்பொருளுக்குப் போகிறது. கடினமான சார்ட்டுக்கான விலையில் ஃப்ரெஷரை வளர்க்கும் செலவு இல்லை. அதனால் இந்தமுறை ஒப்பந்தம் புதுப்பிக்கும் பேச்சில், மெஷின் தணிக்கைக்கென்று தனி வரியும் தனிக் கட்டணமும் கேட்டிருக்கிறோம். அதில் எத்தனை இருக்கைகள் புதியவர்களுக்கு என்பதையும் எழுத்தில் வைத்திருக்கிறோம். கிளையன்ட் தரப்பில் பாதிக்கு ஒப்புக்கொண்டிருக்கிறார்கள், மீதிக்குப் பேசிக்கொண்டிருக்கிறோம். ஒப்பந்தம் பேசும் மேசையில் உங்களுக்கும் இடம் இருந்தால், கையெழுத்தாகும் முன்பே இந்த வரியைக் கேட்டு வாங்குங்கள். நடுவில் கேட்டால் யாரும் தருவதில்லை.